மழைமானிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே: யுஎஸ்பி-சீரியல் மாட்யூல் ஓர் அறிமுகம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய மழைமானியை வடிவமைத்தேன். மழைநீர் ஒரு புனல் வழியாக இறங்கி, தராசைப் போல இருபுறமும் சாயக்கூடிய சிறு தொட்டியில் விழும், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை தொட்டி சாயும்; சாயும்போதெல்லாம் அதிலுள்ள காந்தம், காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து செல்லும். அந்தச் சாய்வுகளை எண்ணி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தில் எழுதிவைப்பது மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சிப்பின் வேலை. காப்பிச் செடியின் பூப்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் மழையை நம்பியிருப்பதால், எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கு தோட்டக்காரருக்கு மிகவும் வேண்டியது. மாதம் ஒருமுறை மேற்பார்வையாளர் மடிக்கணினியுடன் வந்து, ஒரு யுஎஸ்பி கேபிளைச் செருகி, சேர்ந்திருக்கும் பதிவுகளை எடுத்துச் செல்வார் என்பது ஏற்பாடு. புனல், தொட்டி, சுவிட்ச், நினைவகம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. 'ஒரு கேபிளைச் செருகி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்ட அந்தப் பகுதிதான் எனக்கு மூன்று மாத வேலை வைத்தது.

மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிந்தது சீரியல் மொழி. இன்றைய மடிக்கணினிக்குத் தெரிந்தது யுஎஸ்பி. இரண்டுக்கும் நடுவே நின்று பெயர்த்துச் சொல்லும் சிறு பலகையே யுஎஸ்பி-சீரியல் மாட்யூல். கட்டைவிரல் அளவே இருப்பதாலும், ஒரு முனையில் யுஎஸ்பி வாயும் மறுமுனையில் நான்கைந்து பின்களும் மட்டுமே தெரிவதாலும், புதிதாகத் தொடங்குபவர்கள் அதை ஒரு கம்பியாகவே எண்ணிவிடுகிறார்கள். அது கம்பியன்று, தனித்தனி மின்சாரத்தில் வாழும் இரண்டு வீடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் துபாஷி. மொழிபெயர்ப்பில் அந்தத் துபாஷி தவறுவது அரிது. அவருக்கு எந்த வீட்டில் சாப்பாடு என்பதை நாம் முடிவு செய்யாமல் விடுவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

முதலில் சீரியல் பேச்சைப் பார்ப்போம். தரவை ஒரே கம்பியில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் பழைய முறை இது. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, வோல்டேஜை அளக்கும் அடித்தளமாக இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் என மூன்று கம்பிகள் போதும். பேச்சு இல்லாத நேரத்தில் அனுப்பும் கம்பி தாழ்ந்து கிடக்காது, உயர்ந்த வோல்டேஜிலேயே நிற்கும். இந்த ஒரு செய்தியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓரிடத்தில் இது நமக்கு உதவும், இன்னோரிடத்தில் நம்மைக் கெடுக்கும். ஒரு பைட்டை அனுப்ப வேண்டியபோது கம்பி ஒரு பிட் நேரத்துக்குக் கீழே இறங்கும். தொடங்கிவிட்டேன் என்பதற்கு அதுவே அடையாளம். அதன்பின் மதிப்பில் சிறிய பிட் முதலாக எட்டு பிட்டுகள் வரும். முடிவில் கம்பி மீண்டும் மேலேறி ஒரு பிட் நேரம் நிற்கும். ஆக, 8 பிட் செய்திக்கு 10 பிட் நேரம் செலவாகிறது. இருவருக்கும் பொதுவான கடிகாரக் கம்பி எதுவும் இல்லாததால், ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை இரு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்த வேகத்துக்குத்தான் பாட் ரேட் என்று பெயர். 9600 பாட் என்றால் ஒரு பிட் ஏறத்தாழ 104 மைக்ரோவினாடி நீடிக்கும். 115200 பாட் என்றால் 8.7 மைக்ரோவினாடிதான்.

எந்த வேகத்தைத் தேர்வது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழைமானியின் ஒரு பதிவு 32 பைட். பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் நாளுக்கு 144, முப்பது நாளுக்கு 4,320 பதிவுகள். மொத்தம் 1,38,240 பைட். 9600 பாடில் வினாடிக்கு 960 பைட்தான் போகும் என்பதால் இதற்கு 144 வினாடி ஆகும். 115200 பாடில் 12 வினாடி. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிய வேறுபாடில்லை. தூறலில் ஒரு கையில் குடையும் மறுகையில் மடிக்கணினியுமாக மரத்தடியில் நிற்பவருக்கு அப்படியில்லை.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. வாங்கும் பக்கம், கம்பி கீழே இறங்கிய கணத்திலிருந்து தன் சொந்தக் கடிகாரத்தை ஓட்டி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. கடைசி பிட்டைப் பார்க்கும் நேரத்தில் ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அதற்குள் இரு கடிகாரங்களுக்கும் இடையே அரை பிட் அளவு விலகல் சேர்ந்துவிட்டால் பக்கத்துப் பிட்டைப் படித்துவிடும். எனவே இருவரின் பிழையும் சேர்ந்து 5 விழுக்காட்டைத் தொடக்கூடாது. நடைமுறையில் ஆளுக்கு 2 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. கடிகாரத் துடிப்பைத் தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பால் 115200 பாடைச் சரியாக உண்டாக்க முடியாது. இரட்டை வேக முறையில் 117647, சாதாரண முறையில் 111111 என்றுதான் வரும். முன்னது 2.1 விழுக்காடு கூடுதல், பின்னது 3.5 விழுக்காடு குறைவு. அதே சிப்புக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டால் கணக்கு மிச்சமின்றி வகுபடும். கடைகளில் இத்தனை வினோதமான எண்ணைப் பொறித்த கிரிஸ்டலை ஏன் விற்கிறார்கள் என்று வியந்திருந்தால், விடை இதுதான். கிரிஸ்டலே வேண்டாம், சிப்பின் உள்ளேயே மின்தடையும் கெப்பாசிட்டருமாக இருக்கும் ஆர்சி கடிகாரம் போதும் என்று சிலர் சிக்கனம் பார்ப்பதுண்டு. அது தட்பவெப்பத்துக்கேற்ப நகரும் என்பதால், சேலத்தின் ஏப்ரல் வெயிலில் ஒழுங்காகப் பேசிய கருவி ஏற்காட்டின் டிசம்பர் விடியலில் குளறக்கூடும்.

யுஎஸ்பியின் ஒழுக்கம் முற்றிலும் வேறு. 1996இல் முதல் பதிப்பு வெளிவந்த நாள் தொட்டு அதன் அடிப்படை விதி, கணினி கேட்டால் ஒழிய கருவி வாய் திறக்கக்கூடாது என்பது. கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்படி இணைந்து நடக்கும் இரண்டு தரவுக் கம்பிகள். நாம் பேசும் மாட்யூல்களில் பெரும்பாலானவை வினாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் இயங்குகின்றன. செருகியவுடன் மாட்யூலின் சிப், தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோஓம் மின்தடை வழியாக மேலே இழுத்துத் தன் வரவைத் தெரிவிக்கும். மலை விடுதியில் பதிவேட்டில் பெயர், ஊர் எழுதிய பின்பே அறைச் சாவி கிடைப்பதைப் போல, கணினி அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தேவையான மின்னோட்டம் ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டு, ஒரு முகவரியைக் கொடுத்து, உரிய டிரைவரைத் தேடி, கடைசியில் 'காம்3' என்பது போன்ற ஒரு போர்ட்டைத் திறந்துவைக்கும். அதன் பிறகு நம் நிரலுக்கு அது அந்தக்காலத்துச் சீரியல் போர்ட்டாகவே தோன்றும்.

மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து வரும் பைட்டுகளை மாட்யூல் உடனுக்குடன் கணினிக்குத் தள்ளுவதில்லை. ஒரு சிறு கிடங்கில் சேர்த்து, 64 பைட் வரையான பொட்டலமாகக் கட்டி, கணினி கேட்கும்போது கொடுக்கிறது. பொட்டலம் நிறையாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு எஃப்டி232ஆர் போன்ற சிப்களில் ஒரு கெடு உண்டு. மாற்றாமல் விட்டால் அது 16 மில்லிவினாடி. மாதக் கணக்கை மொத்தமாக அள்ளும் மழைமானிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பைட் கேட்டு ஒரு பைட் பதில் வாங்கும் வேலையில், பாட் ரேட்டை எவ்வளவு கூட்டினாலும் வேகம் ஏறவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் இந்தக் கெடுவைத்தான் குறைத்துப் பார்க்க வேண்டும்.

இனி வோல்டேஜ். சீரியல் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பேச்சுகள் உலவுகின்றன என்பது தொடக்கத்தில் எவரும் சொல்லித்தராத செய்தி. மைக்ரோகன்ட்ரோலர்கள் பேசுவது 3.3 வோல்ட் அல்லது 5 வோல்ட். 1960களிலிருந்து வழங்கிவரும் ஆர்எஸ்-232 முறையிலோ, 1 என்பது கழித்தல் 3 முதல் கழித்தல் 15 வோல்ட் வரை. 0 என்பது கூட்டல் 3 முதல் கூட்டல் 15 வரை. அளவும் பெரிது, திசையும் தலைகீழ். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காக, எடைத் தராசின் பின்னாலிருந்த ஒன்பது பின் வாயிலிருந்து எடையை நேரே கணினியில் பதிய வேண்டுமென்று என் நண்பர் ஒருவர் முயன்றார். பெயர் சீரியல்தானே என்று மழைமானியில் போடும் அதே வகை மாட்யூலை அந்த வாயில் நேரடியாகச் சேர்த்தார். தராசு பேச்சைத் தொடங்கும் முன்பே, சும்மா நின்ற கம்பியின் கழித்தல் வோல்டேஜிலேயே மாட்யூலின் வாங்கும் பின் செத்துப்போயிற்று. அத்தகைய இடங்களில் மேக்ஸ்232 போன்ற ஒரு சிப்பை நடுவில் வைக்க வேண்டும்; அது சில கெப்பாசிட்டர்களின் துணையோடு 5 வோல்ட்டிலிருந்தே கூட்டல், கழித்தல் இரண்டையும் உண்டாக்கிக்கொள்ளும். அல்லது அந்தச் சிப்பும் உள்ளடங்கிய யுஎஸ்பி-ஆர்எஸ்232 கேபிளாகவே வாங்கிவிடலாம்.

அறியாத கருவியொன்று எந்தப் பேச்சைப் பேசுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. சும்மா நிற்கும் அனுப்பும் கம்பி ஒரே நிலையில் நிற்கும் என்று சொன்னேனல்லவா? கருவிக்கு மின்சாரம் கொடுத்து, எதையும் இணைக்காமல், கிரவுண்டுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 3.3 என்றோ 5 என்றோ காட்டினால் அது நேரடிப் பேச்சு. கழித்தல் குறியோடு 5க்கும் 12க்கும் நடுவே ஏதேனும் காட்டினால் ஆர்எஸ்-232. எந்தப் பின் அனுப்புவது, எது வாங்குவது என்ற ஐயமும் அதே அளவீட்டில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாட்யூலை வாங்கியவுடனும் இதையே செய்ய வேண்டும், ஏனெனில் அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. சில மலிவு மாட்யூல்களில் 3.3, 5 என்று மாற்றிப்போடும் ஜம்பர் என்னும் சிறு இணைப்பான், வெளியே கொடுக்கும் மின்சாரத்தை மட்டுமே மாற்றும்; பேசும் வோல்டேஜ் பழையபடியே நிற்கும். இதற்கு நேர்மாறான பொறி எஃப்டிடிஐ நிறுவனத்தின் 3.3 வோல்ட் கேபிளில் உண்டு: அதன் தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட், சிவப்புக் கம்பியோ யுஎஸ்பியின் 5 வோல்ட்டையே கொண்டுவரும். பெயரைப் பார்த்து அந்தச் சிவப்பை 3.3 வோல்ட் போர்டுக்குக் கொடுத்தால் போர்டு தாங்காது.

5 வோல்ட்டில் பேசும் மாட்யூல்தான் கையில் இருக்கிறது, கருவியோ 3.3 வோல்ட் என்றால், மாட்யூலின் அனுப்பும் கம்பியில் 1 கிலோஓம், அதன் கீழே கிரவுண்டுக்கு 2 கிலோஓம் வைத்தால் 3.3 வோல்ட் கிடைத்துவிடும். எதிர்த்திசையில் பெரும்பாலும் ஒன்றும் தேவைப்படாது. ஒருவரின் அனுப்பும் பின் மற்றவரின் வாங்கும் பின்னுக்குக் குறுக்காகப் போக வேண்டும் என்பதை எல்லோரும் ஒருமுறையாவது மாற்றிப் போட்டிருப்போம். அதனால் பெரும்பாலும் எதுவும் எரிவதில்லை, மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். யுஎஸ்பி கேபிள் 5 வோல்ட்டைக் கொண்டுவருகிறது. பதிவேட்டில் எழுதும் முன் 100 மில்லியாம்பியர் வரையும், எழுதி அனுமதி பெற்ற பின் 500 மில்லியாம்பியர் வரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது யுஎஸ்பி 2.0 விதி. கருவி எப்போதும் கணினியோடு சேர்ந்தே இருக்குமென்றால் எல்லாவற்றையும் அந்த மின்சாரத்திலேயே ஓட்டிவிடலாம், சிக்கலே இல்லை. மழைமானி அப்படியில்லை. அது ஆண்டு முழுவதும் மூன்று பேட்டரிகளில் தனியே காட்டில் நிற்கிறது. மாதத்தில் 12 வினாடி மட்டுமே கணினியைப் பார்க்கிறது. எனவே துபாஷிக்குக் கணினி வீட்டுச் சாப்பாடு, மைக்ரோகன்ட்ரோலருக்குப் பேட்டரிச் சாப்பாடு என்று பிரித்துவைத்தேன். தூங்கும் நேரத்தையும் சேர்த்து மழைமானியின் சராசரித் தேவை 20 மைக்ரோஆம்பியர்தான் என்று அளந்தும் வைத்திருந்தேன். 2000 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரிகள் அந்தக் கணக்கில் ஆண்டுக்கணக்கில் வர வேண்டும். ஆறாவது வாரத்தில் மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, கருவி செத்துக் கிடக்கிறது என்றார்.

மேசைக்குக் கொண்டுவந்து புதிய பேட்டரிகளைப் போட்டபோது, யுஎஸ்பி கேபிள் எதுவும் செருகப்படாமலே மாட்யூலின் சிவப்பு எல்இடி மின்மினியளவு மங்கலாக ஒளிர்ந்தது. விளக்கு அணைத்த அறையாக இல்லாதிருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். நடந்தது இதுதான். கேபிளை உருவியதும் மாட்யூலுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலரின் அனுப்பும் கம்பியோ, பேச்சில்லாத நேரத்தில் மேலே நிற்க வேண்டும் என்ற விதிப்படி 3.3 வோல்ட்டில் நிற்கிறது. மின்சாரம் நின்ற அந்தச் சிப்பின் ஒவ்வொரு பின்னுக்குள்ளும், அதிக வோல்டேஜ் வந்தால் மின்வழங்கல் கம்பிக்குத் திருப்பிவிட, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கும். 3.3 வோல்ட் அந்த டையோடு வழியாக உள்ளே புகுந்து, சிப்பையும் எல்இடியையும் அரை உயிரில் வைத்திருந்தது. 2 மில்லியாம்பியர் கசிவு. 2000ஐ இரண்டால் வகுத்தால் 1000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 42 நாள். மேற்பார்வையாளரின் ஆறாவது வாரம் கணக்குக்கு அச்சாகப் பொருந்தியது. இதன் மறுபக்கமும் உண்டு: பேட்டரியைக் கழற்றிவிட்டு யுஎஸ்பியை மட்டும் செருகினால், மாட்யூலின் அனுப்பும் கம்பி மைக்ரோகன்ட்ரோலரை அதே வழியில் அரை உயிரில் எழுப்பும். அந்த நிலையில் அது நினைவகத்தில் எதை எழுதும் என்று சொல்ல முடியாது.

இதற்கு நான் செய்த திருத்தம் எளியது. யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து 100 கிலோஓம், அதன் கீழே கிரவுண்டுக்கு 150 கிலோஓம் என இரண்டு மின்தடைகளை வைத்து, நடுப்புள்ளியை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னில் சேர்த்தேன். கேபிள் இருந்தால் அங்கே 3 வோல்ட், இல்லாவிட்டால் சுழியம். சுழியமாக இருக்கும்போதெல்லாம் நிரல் சீரியல் பகுதியை நிறுத்தி, அனுப்பும் பின்னைக் கீழே இறக்கி, வாங்கும் பின்னைச் சிப்பின் உள்ளிருந்தே மேலே இழுத்துப் பிடிக்கும் மின்தடையையும் துண்டித்துவிடுகிறது. இரு தரவுக் கம்பிகளிலும் 1 கிலோஓம் மின்தடையைத் தொடராகப் போட்டதால், ஏதேனும் ஒரு கணம் தவறினாலும் கசிவு சிறிதாகவே இருக்கும். பத்து வரி நிரலும் நான்கு மின்தடைகளும்தான். முதலிலேயே செய்திருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளை வீணாக ஏறி இறங்கியிருக்க மாட்டேன்.

மாட்யூலின் 5 வோல்ட் பின்னையும் பேட்டரியின் நேர்முனையையும் நேரடியாக ஒன்று சேர்த்துவிடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரிக்குள் கணினி மின்சாரத்தைத் திணிக்கும். இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட்கி டையோடைப் போட்டு, அதன் பிறகே சேர்க்க வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் 10 மைக்ரோஃபேரடுக்கு மேல் கெப்பாசிட்டரை நேரடியாக வைக்கக்கூடாது என்பதும் விதி, செருகிய கணத்தில் அது மின்னோட்டத்தை விழுங்கும் என்பதால்.

மழைமானியைக் கெடுத்த இன்னொரு சிறு வழக்கம் ஆர்டுயினோ உலகிலிருந்து வந்தது. அந்தப் போர்டுகளில் கணினி தயார் என்று அறிவிக்கும் மாட்யூலின் டிடிஆர் என்ற பின், 0.1 மைக்ரோஃபேரடு கெப்பாசிட்டர் வழியாக, மைக்ரோகன்ட்ரோலரை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெட் பின்னோடு சேர்ந்திருக்கும்; கணினியிலிருந்து புது நிரலை ஏற்றும்போது பொத்தானை அழுத்தத் தேவையில்லாதபடி செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பதிவுகளை எடுக்கப் போர்ட்டைத் திறந்தாலே டிடிஆர் அசையும். கருவி ரீசெட் ஆகும். நினைவகத்துக்குப் போகாமல் எண்ணிக்கையில் மட்டும் இருந்த கடைசிப் பத்து நிமிட மழை காணாமல் போகும். நிரலை ஏற்றி முடித்ததும் துண்டிக்கும்படி அந்தக் கெப்பாசிட்டரின் பாதையில் ஒரு ஜம்பரை வைத்துவிட்டேன்.

எந்தச் சிப்பை வாங்குவது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலுள்ள எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர், சிலிகான் லேப்ஸின் சிபி2102, சீனத்தின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்340 ஆகிய மூன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. எஃப்டி232ஆரில் பேசும் வோல்டேஜுக்கென்றே தனிப் பின் உண்டு. அதில் கருவியின் வோல்டேஜைக் கொடுத்தால் அதே அளவில் பேசும். சிஎச்340ஜி மலிவு, ஆனால் வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். சிஎச்340சியில் அது உள்ளேயே இருக்கிறது. எஃப்டி232ஆர் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தொடர் எண்ணோடு வருவதால், மடிக்கணினியின் எந்த வாயில் செருகினாலும் விண்டோஸ் அதே போர்ட் எண்ணைக் கொடுக்கும். சிஎச்340ஜியில் தொடர் எண் இல்லாததால் வாய் மாறினால் போர்ட் எண்ணும் மாறும். கணினிப் பழக்கம் குறைந்தவர் பயன்படுத்தும் கருவியில் இது சிறிய செய்தியன்று. எஃப்டி232ஆருக்குப் போலிகள் மிகுதி. 2014இல் வந்த ஒரு விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்களின் பொருள் எண்ணைச் சுழியமாக்கி அவற்றைக் கணினி அறியாதபடி செய்தது பெரும் சர்ச்சையாயிற்று. கருவியைப் பத்து, இருபது என்று விற்கப் போகிறவர்கள் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விலகியிருப்பதே நல்லது.

யுஎஸ்பியை நேரடியாகவே பேசும் மைக்ரோகன்ட்ரோலர்கள் இப்போது ஏராளமாக வந்துவிட்டன. ஆர்பி2040 ஓர் எடுத்துக்காட்டு. அப்படியானால் துபாஷியே தேவையில்லையே என்று கேட்கலாம். தேவையில்லைதான். ஆனாலும் தொடங்குபவருக்குத் தனிச் சிப்பையே நான் பரிந்துரைப்பேன். மைக்ரோகன்ட்ரோலரின் நிரல் நடுவில் நின்றுபோனாலும் தனிச் சிப் கணினியில் தெரிந்துகொண்டே இருக்கும். நேரடி வகையில் நிரல் நின்றால் போர்ட்டும் மறைந்துவிடும், குறை எங்கே என்று தேடவும் வழி குறையும்.

அடுத்தது அதை எங்கே வைப்பது என்பது. ஒன்றிரண்டு கருவிகளுக்கு மாட்யூலையே பின்களில் செருகிவிடலாம். நூறு கருவிகளுக்குச் சிப்பை நம் போர்டிலேயே பதிப்பது சிக்கனம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான்: கருவியில் நான்கு பின் வாய் மட்டும் வைத்துவிட்டு, மாட்யூலை மேற்பார்வையாளரின் பையில் வைப்பது. பெட்டியில் யுஎஸ்பி வாய் என்பது ஓர் ஓட்டை. மாதக்கணக்கில் மூடுபனி சூழும் ஏற்காட்டில் அந்த ஓட்டை வழியாக ஈரம் புகுந்து பின்கள் பச்சை பிடிக்கும். சிப்பே உள்ளே இல்லாததால் கசிவும் இல்லை. போர்டிலேயே பதிப்பவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும்: இரு தரவுப் பாதைகளும் சேர்ந்தே, குட்டையாக ஓட வேண்டும், நிலைமின்னைத் தடுக்கும் டையோடுகள் வாய்க்கு மிக அருகில் அமைய வேண்டும், டைப்-சி வாய் என்றால் இணைப்பை அறிய உதவும் அதன் இரு சிசி பின்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோஓம் மின்தடையைக் கிரவுண்டுக்கு வைக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டு மின்தடைகளை விட்டுவிட்டால், பழைய ஏ முனை கொண்ட கேபிளில் கருவி நன்றாக வேலை செய்யும், இருபுறமும் சி முனை உள்ள கேபிளில் உயிரே பெறாது.

நம் ஊரில் சேகோ ஆலை என்று சொல்லும் ஜவ்வரிசி ஆலைகளிலோ, விசைத்தறிக் கூடங்களிலோ இதே மாட்யூலைப் பொருத்தப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே கிழங்கரைக்கும் பெரிய மோட்டார்களின் அருகே நிற்கும் எடைமேடையின் கிரவுண்டும், அலுவலக அறையிலுள்ள கணினியின் கிரவுண்டும் ஒரே வோல்டேஜில் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. மாட்யூல் அந்த இரண்டையும் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவிடுகிறது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வேறுபாட்டு மின்னோட்டம் முழுவதும் அந்தக் கம்பி வழியாகவே ஓடப் பார்க்கும். பேச்சு குளறுவது குறைந்த சேதம், கணினியின் போர்ட் கருகுவது பெரிய சேதம். மாட்யூலுக்கும் கருவிக்கும் நடுவே ஏடியூஎம்1201 போன்ற இருவழி மின்பிரிப்புச் சிப் ஒன்றை வைத்தால், செய்தி மட்டும் கடக்கும், கிரவுண்டுகள் தொடவே தொடா. அதன் ஒரு பக்கத்துக்கு யுஎஸ்பியின் மின்சாரம், மறுபக்கத்துக்குக் கருவியின் மின்சாரம். இரு வீட்டுக்கும் தனித்தனி அடுப்பு ஏற்கெனவே இருப்பதால் வேறு மின்வழங்கல் தேவையில்லை. மழைமானியில் என்னை ஆறு வாரம் அலைக்கழித்த கசிவும் இந்த அமைப்பில் தானாகவே அற்றுவிடும். தொலைவு இன்னொரு கேள்வி. யுஎஸ்பி கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை; கிழங்கு உலர்த்தும் களத்தைத் தாண்டி அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால், 1200 மீட்டர் வரை போகக்கூடிய ஆர்எஸ்-485 இரட்டைக் கம்பியில் கொண்டுபோய், கணினிக்கு அருகில் யுஎஸ்பியாக மாற்ற வேண்டும். மலைமேல் இடியோடு மழை பெய்யும்போது மட்டும் எந்தப் பிரிப்புச் சிப்பையும் நம்பாமல் கேபிளை உருவிவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்த பின் முதன்முறை இயக்கிப் பார்க்கும்போது, கருவியை இணைக்காமல் மாட்யூலை மட்டும் கணினியில் செருகுங்கள். போர்ட் தோன்றாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும், தரவுக் கம்பிகளே இல்லாத கேபிள்கள் வீடு நிறையக் கிடக்கின்றன. லினக்ஸில் போர்ட் தெரிந்தும் திறக்க மறுத்தால், உபுண்டு போன்ற வகைகளில் சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் (dialout) குழுவில் உங்கள் பயனர் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்து மாட்யூலின் அனுப்பும் பின்னையும் வாங்கும் பின்னையும் ஒரு சிறு கம்பியால் ஒன்று சேர்த்து, புட்டி (PuTTY) போன்ற ஒரு டெர்மினல் நிரலில் ஏதாவது எழுத்தைத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால், கணினி, டிரைவர், கேபிள், சிப் நான்கும் நலம். இனி வரும் குறை எதுவும் உங்கள் போர்டில்தான் இருக்கும். அதன் பிறகு கருவியைச் சேர்த்து, எழுத்துகள் வருகின்றன ஆனால் குப்பையாக வருகின்றன என்றால் பாட் ரேட்டையும் கிரிஸ்டலையும் பாருங்கள். எதுவுமே வரவில்லையென்றால் குறுக்குக் கம்பிகளையும் கிரவுண்டையும் பாருங்கள். பேச்சு சரியானதும் வேலை முடிந்ததென்று பெட்டியை மூடிவிடாமல், யுஎஸ்பி கேபிளை உருவிவிட்டு, பேட்டரிக் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மைக்ரோஆம்பியர் அளவில் பாருங்கள். என் மழைமானியில் இப்போது அந்த முள் 20ஐச் சுற்றி நிற்கிறது.